நாரத்தை போன வழி

ஐயா, வணக்கம்.

தெற்கு ஸ்பெயினில் நடக்கும் நாவல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் ஆரஞ்சுத் தோப்பு வருகிறது. ‘ஆரஞ்சு ஆங்கிலச் சொல், எழுதாதே’ என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், ‘ஆறும் அஞ்சும் பதினொன்று, பழத்தில் பதினொரு சுளை, அதனால் அது தமிழே’ என்கிறார். ஆங்கிலேயர்கள்தான் முதலெழுத்தை விழுங்கிவிட்டார்கள் என்றும் படித்தேன். நெதர்லாந்து அரச குடும்பத்தின் பெயரும் இதிலிருந்து வந்ததா? நான் எதை எழுதுவது?

க.

அன்புள்ள க.,

ஒரு சொல்லுக்காக வேலையை நிறுத்திவைத்துக் கேட்கிறீர்கள். அந்தக் கவனத்தை விட்டுவிடாதீர்கள். ஒலி ஒத்துப்போனாலே உறவு என்று முடிவுகட்டும் பழக்கத்தைப் பற்றி எழுத நினைத்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

அரச குடும்பத்தை முதலில் முடித்துவிடுவோம். பிரான்சின் தெற்கே உள்ள ஆரஞ்சு என்ற ஊரின் பழைய பெயர் அரௌசியோ. பழத்துக்கும் அதற்கும் பிறப்பில் தொடர்பில்லை. அந்தச் சிற்றரசு 1544இல் அரச குடும்பத்தின் முன்னோடியான வில்லியமுக்கு வந்தது, பெயரும் அதோடு வந்தது. ஊர்ப்பெயரும் பழப்பெயரும் ஒன்றுபோல் ஒலித்ததால் நிறம் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ஆறு அஞ்சு கணக்கைச் சொன்ன நண்பரிடம் ஒரு பழத்தை உரிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் பத்துச் சுளை இருக்கும், கூடவோ குறையவோ வரும். பதினொன்றே இருந்தாலும் அது சான்றாகாது. ஸ்பானியத்தில் ‘நராஞ்ஹா’, ஹங்கேரியத்தில் ‘நாராஞ்ச்’, பாரசீகத்தில் ‘நாரெஞ்ச்’. ‘ஆறஞ்சு’தான் மூலம் என்றால் இத்தனை மொழிகளிலும் முன்னால் நிற்கும் நகரம், அதாவது ‘ந’ என்ற எழுத்து, எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல்ல முடியாத விளக்கத்தைத் தமிழ்ப்பற்று என்று பரப்புவது தமிழுக்குச் செய்யும் தீங்கு. தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள்.

சொல் போன வழி இது. சமஸ்கிருதத்தில் நாரங்க. அதற்குத் திராவிட மூலம் இருக்கலாம் என்பது அறிஞர் பலர் கருத்து. பாரசீகத்தில் முதலில் நாரங்க். அரபியில் ‘க’வின் மெல்லொலி இல்லாததால் நாரஞ்ச். அங்கிருந்து ஸ்பானியத்துக்கு நகரத்தோடு போனது. போர்த்துகீசியத்தில் நகரம் லகரமாகி ‘லராஞ்ஜா’ ஆனது. இத்தாலியத்தில்தான் விழுந்தது. ‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஊனா’ முன்னால் வர, ஊனா நரஞ்ச்சா என்பதில் நகரம் யாருடையது என்று காதுக்குத் தெரியவில்லை. அது முன்சொல்லோடு போய், ‘அரஞ்ச்சா’ மிஞ்சியது. பிரெஞ்சில் அது ‘ஓராஞ்ஜ்’ ஆனது. அந்த மொழியில் ‘ஓர்’ என்றால் தங்கம். பழத்தின் நிறம் அந்த ஓகாரத்துக்குத் துணைநின்றது. ஆங்கிலம் பிரெஞ்சிலிருந்து வாங்கியபோதே நகரம் இல்லை. ‘ஏப்ரன்’ என்ற சொல்லில் ஆங்கிலேயர்கள் நகரத்தை இழந்தது உண்மை, அது முன்பு ‘நாப்ரன்’. இந்தப் பழத்தில் அவர்கள்மேல் பழியில்லை.

நம் பக்கமும் அவசரப்படக் கூடாது. ‘நறு’ என்ற மணச்சொல்லிலிருந்து நாரத்தை வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். நறுவில் இருப்பது வல்லின றகரம், நாரத்தையில் இருப்பது இடையின ரகரம். இன்று நம் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டன, அன்று அவை வெவ்வேறு ஒலிகள். புறநானூறு 235இல் அதியமானை இழந்த ஔவை, ‘நரந்தம் நாறும் தன் கையால்’ என்று பாடுகிறாள். நரந்தத்தின் ரகரமும் நாறுதலின் றகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. இந்த ஒரே அடியில் புலவர் பிரித்துச் சொன்னதை நாம் குழப்பக் கூடாது. நரந்தத்தை நாரத்தையோடு இணைப்பதிலும் நிதானம் வேண்டும். புறம் 132இல் அது கவரிமா மேயும் புல், குறிஞ்சிப்பாட்டில் பூ. ஒரு சொல்லைத் தொடரும்போது ஒவ்வொரு இடத்திலும் அது எந்தப் பொருளைக் குறித்தது என்று பாருங்கள். பிறகு ஒலி மாறியதற்கு விதி தேடுங்கள், அதே மாற்றம் வேறு சொற்களிலும் நடந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் முடிவு சொல்லாதீர்கள்.

பொருள் மாறியது இன்னும் சுவையான செய்தி. மலையாளத்தில் நாரங்ங என்றால் எலுமிச்சை. ஆரஞ்சுக்கு மதுரநாரங்ங என்பார்கள். தமிழில் நாரத்தை ஊறுகாய்க்காய். மத்தியதரைக்கடல் நாடுகளுக்கு முதலில் போனது கசப்புப் பழம், இனிப்பு வகை 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் அங்கே பரவியது. போர்த்துகீசிய வணிகர்களால் பரவியதால் அரபியில் இனிப்புப் பழம் புர்துகால், துருக்கியத்தில் போர்த்தகால், கிரேக்கத்தில் போர்த்தொகாலி. கிரேக்கத்தில் நெராஞ்சி என்றால் இன்றும் கசப்புப் பழம்தான். டச்சுக்காரர்களுக்கோ அது சீன ஆப்பிள். ஸ்பானியமோ பழைய பெயரையே புதிய பழத்துக்கும் வைத்துக்கொண்டது.

உங்கள் சிக்கல் இங்கேதான். நாவல் எந்த நூற்றாண்டில் நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 15ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்றால் அந்தத் தோப்பில் இருப்பது கசப்புப் பழம். செவில் நகரத் தெருமரங்களில் இன்றும் காய்ப்பது அதுதான். அங்கே முதல்முறை ‘கசப்பு ஆரஞ்சு’ என்றும், பிறகு ‘ஆரஞ்சு’ என்றும் எழுதுங்கள். நாரத்தை என்று போடாதீர்கள், படிப்பவர் மனதில் வேறு காய் வரும். பிந்தைய காலமென்றால் ஆரஞ்சு போதும். பழைய அகராதியிலிருந்து ‘கிச்சிலி’யை எடுத்து வைத்தால் அடிக்குறிப்பு தேவைப்படும். பாத்திரம் ஈழத்தவராக இருந்தால் மட்டும் அவர் வாயில் தோடம்பழம் என்றே வரட்டும்.