கல்லூரி கூடைப்பந்து: யார் யாரோடு எத்தனை முறை? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகமும் நார்த் கரோலைனா பல்கலைக்கழகமும் வருஷம் தவறாமல் இரண்டு முறை மோதுகின்றன. மற்ற பெரும்பாலான அணிகளோடு ஒரு முறைதான். ஏன்?

பதில்: இரண்டும் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்) அணிகள். கான்ஃபரன்ஸ் என்றால் தங்களுக்குள் ஆடிப் பட்டத்துக்குப் போட்டியிடும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு. ஏசிசியில் இப்போது 18 அணிகள். எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடினால் ஆளுக்கு 34 ஆட்டம் ஆகிவிடும். ஒரு அணியின் மொத்த சீசனே ஏறக்குறைய 30 ஆட்டம்தான். அதனால் 2025-26 சீசனில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களை 20-இலிருந்து 18-ஆகக் குறைத்தார்கள். நிரந்தர ஜோடி ஒன்றோடு இரண்டு முறை, வருஷத்துக்கு வருஷம் மாறும் இன்னொரு அணியோடு இரண்டு முறை, 14 அணிகளோடு ஒரு முறை. மிச்சமிருக்கும் ஓர் அணியோடு ஆட்டமே கிடையாது. டியூக்கின் நிரந்தர ஜோடி நார்த் கரோலைனா. இரண்டு வளாகங்களுக்கும் நடுவே சுமார் 16 கிலோமீட்டர்தான்.

கேள்வி: அப்படியென்றால் நார்த் கரோலைனா ஸ்டேட் (என்.சி. ஸ்டேட்) என்ற இன்னொரு பல்கலைக்கழகத்தின் கதி?

பதில்: இந்த இடம்தான் எனக்கு வலிக்கிறது. டியூக், நார்த் கரோலைனா, என்.சி. ஸ்டேட், வேக் ஃபாரஸ்ட் நான்கும் ஒரே மாநிலம். நான்கும் 1953-இல் ஏசிசியைத் தொடங்கிய அணிகள். 2004 வசந்தம் வரை ஏசிசியில் 9 அணிகள் இருந்தன. ஆளுக்கு 16 ஆட்டம், எல்லோரோடும் இரண்டு முறை. யாரையும் 'நிரந்தர ஜோடி' என்று காப்பாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. அப்புறம் தொலைக்காட்சிப் பணத்தைத் தேடி கான்ஃபரன்ஸ் வீங்கியது. 2004-இல் மயாமியும் வர்ஜீனியா டெக்கும் வந்தன; 2024-இல் கலிஃபோர்னியாவிலிருந்து ஸ்டான்ஃபோர்டே வந்தது. காப்பாற்றப்படுவது ஒரே ஒரு ஜோடி என்றாகிவிட்ட பிறகு, நார்த் கரோலைனாவின் ஊரான சேப்பல் ஹில்லும் என்.சி. ஸ்டேட்டின் ஊரான ராலேயும் ஒரே சீசனில் மாறி மாறி விருந்தாளியாகும் என்ற உறுதி போய்விட்டது. நிரந்தர ஜோடி எண்ணிக்கையை இரண்டாக்குவதுதான் சரி என்பது என் கருத்து.

கேள்வி: அட்டவணையைக் கணினி போடுகிறதா?

பதில்: நிபந்தனைகளை மனிதர்கள் சொல்கிறார்கள், கணக்கைக் கணினி பார்க்கிறது. 1997-98 ஏசிசி அட்டவணையை ஜார்ஜ் நெம்ஹவுசர், மைக்கேல் டிரிக் என்ற இரண்டு பேராசிரியர்கள் போட்டுக் கொடுத்தார்கள். 9 அணி, 18 ஆட்ட நாள். ஒற்றைப்படை என்பதால் ஒவ்வொரு நாளும் ஓர் அணிக்கு ஓய்வு. தொடர்ந்து வெளியூரில் அலையவிடக் கூடாது. கடைசி இரண்டு ஆட்டமும் வெளியூரில் இருக்கக் கூடாது. டியூக்-நார்த் கரோலைனா ஆட்டம் 11-ஆம் நாளும் கடைசி நாளும் வந்தே ஆக வேண்டும். கடைசி நாளில் கிளெம்சன்-ஜார்ஜியா டெக், மேரிலாண்ட்-வர்ஜீனியா போன்ற பழைய பகையாளிகளும் முடிந்தவரை நேருக்கு நேர். புதிதாக வந்த ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு மட்டும் ஜோடி இல்லை. அந்தக் கடைசி நாள், 1998 பிப்ரவரி 28, டியூக் 17 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து 77-75 என ஜெயித்தது. நல்ல அட்டவணை ஆட்டத்துக்கு என்ன தரும் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த நாளைத்தான்.

கேள்வி: சிலருக்கு வலுவான அணி இரண்டு முறை, சிலருக்கு நோஞ்சான் அணி இரண்டு முறை. இது அநியாயம் இல்லையா?

பதில்: கான்ஃபரன்ஸ் பட்டத்தைப் பொறுத்தவரை அநியாயம்தான், மழுப்ப விரும்பவில்லை. தேசியப் போட்டிக்கான தேர்வில் மட்டும் ஓரளவு ஈடு கிடைக்கிறது. அங்கே எதிரணியின் பலத்தையும் ஆட்டம் நடந்த இடத்தையும் சேர்த்தே வெற்றியை எடைபோடுகிறார்கள்.

கேள்வி: எல்லோரோடும் இரண்டு முறை ஆடும் பழைய முறை எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா?

பதில்: இருக்கிறது. பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸில் 11 அணி, 20 ஆட்டம். ஐவி லீக் என்ற கான்ஃபரன்ஸில் 8 அணி, 14 ஆட்டம். பட்டம் வென்றவர் யார் என்பதில் அங்கே விவாதத்துக்கு வேலை குறைவு.

கேள்வி: கென்டக்கியும் லூயிவில்லும் வேறு வேறு கான்ஃபரன்ஸ். ஆனாலும் எப்படி மோதுகின்றன?

பதில்: இரண்டு பல்கலைக்கழகங்களும் தாமாகப் பேசிவைத்துக்கொள்ளும் ஆட்டம் அது, பெரும்பாலும் டிசம்பரில் வரும். கான்ஃபரன்ஸின் காப்பு கிடையாது. ஒரு தரப்பு மனம் மாறினால் நின்றுவிடும். மிசூரி 2012-இல் எஸ்இசி என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போனதும் கான்சஸோடு இருந்த நூற்றாண்டுப் பகை அப்படித்தான் அறுந்தது. சீசன் ஆட்டமாக அது திரும்பி வர 2021 டிசம்பர் ஆனது. கான்சஸின் சொந்த ஊரான லாரன்ஸில் நடந்த அந்த ஆட்டத்தில் கான்சஸ் 102-65 என ஜெயித்தது.