ஸ்டெல்வியோ ஏற எத்தனை பல் வேண்டும்?

கேள்வி: அக்கா, எனக்கு 47 வயது. மகள் மியூனிக்கில் படிக்கிறாள். ஆகஸ்டில் அவளைப் பார்க்கப் போகும்போது இத்தாலிப் பக்கம் ஸ்டெல்வியோ கணவாயில் சைக்கிளில் ஏற ஆசை. 48 கொண்டை ஊசி வளைவாம். படத்தைப் பார்த்தாலே முழங்கால் வலிக்கிறது. என்னால் முடியுமா?
— வாசகர், திருச்சி

பதில்: வளைவுகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அவை உங்கள் கட்சி. 1820-லிருந்து 1825 வரை ஆஸ்திரியப் பேரரசுக்காக கார்லோ டொனேகானி என்ற பொறியாளர் இந்தச் சாலையைப் போட்டபோது மலையேறியது குதிரை வண்டி. பாரம் இழுக்கிற குதிரை செங்குத்தில் நேராக ஏறாது. அதனால்தான் சாலையை மடித்து மடித்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். குதிரைக்குக் காட்டிய கருணையில் நாமும் ஏறிவிடலாம்.

வளைவின் வெளி ஓரத்தில் ஏற்றம் குறைவு, உள் ஓரம்தான் செங்குத்து. அங்கே வண்டிகள் வலது பக்கம் ஓடுவதால் இடப்பக்கம் திரும்பும் வளைவில் வெளி ஓரம் தானாகக் கிடைத்துவிடும். நாலு மிதி சும்மா மிதித்தால் மூச்சு திரும்பும். வலப்பக்க வளைவில் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். எதிரே யாரும் வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் கொஞ்சம் அகலமாக எடுங்கள். அங்கே கோடையில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், ஜாக்கிரதை.

முழங்காலைத் தின்பது வளைவு இல்லை, கியர். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை போனபோது வாடகைக் கடையில் பளபளவென்று ஒரு பந்தய சைக்கிளைக் கொடுத்தார்கள். முன்னால் பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 39 பல், பின்சக்கரத்தில் இருக்கும் பெரிய பல்சக்கரமே 25 பல்தான். கேட்காமல் வாங்கியது என் தப்பு. ஏற்றம் தொடங்கும் பிராத்தோ ஊரிலிருந்து ஓடையை ஒட்டிப் போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. டிராஃபோய் கிராமத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு மிதியும் கிணற்றிலிருந்து குடம் இழுக்கிற மாதிரி ஆனது. வளைவுகளில் எண் போட்டிருப்பார்கள். கீழே 48, உச்சியில் 1. நான் 36-ல் இறங்கி உட்கார்ந்தவள்தான், அப்புறம் திரும்பிவிட்டேன்.

மறு வருடம் முன்னால் 34, பின்னால் 34. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று, சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். அதே வேகத்தில் பழைய சைக்கிளை ஓட்டினால் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால்மேல் அவ்வளவு பாரம். ஆக, கடையில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "பின்னால் எத்தனை பல்?"

பிராத்தோ 900 மீட்டருக்குச் சற்று மேலே, உச்சி 2757 மீட்டர். தூரம் 24 கிலோமீட்டர் சொச்சம். சராசரியாக நூறு மீட்டருக்கு ஏழரை மீட்டர் ஏற்றம். இந்தக் கியரில் மூன்றே கால் மணி நேரம், தண்ணீர் குடிக்க நிற்பதையும் சேர்த்தால் நான்கு. ஃபிரான்சென்ஸ்ஹோயே என்ற பழைய விடுதி 2188 மீட்டரில் வரும். அங்கே மரங்கள் முடிந்து, மிச்சச் சாலை மொத்தமும் சுவரில் ஒட்டிய ரிப்பன் மாதிரி தலைக்கு மேல் தெரியும். பலருக்கு அங்கேதான் மனசு விட்டுப்போகும். அண்ணாந்து பார்க்காமல் அடுத்த எண்ணை மட்டும் பாருங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. மூச்சு வாங்கினால் பயந்துவிடாதீர்கள், அங்கே எல்லோருக்கும் வாங்கும்.

தினமும் ஒரு மணி நேரம் ஓட்டுகிற உடம்பா? முடியும். நான் ஏறியது 51 வயதில்.

கேள்வி: ஏறுவது இருக்கட்டும், இறங்குவது எப்படி?
— வாசகி, கோவை

பதில்: உருப்படியான கேள்வி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். கீழே 25 டிகிரி வெயில் என்றால் மேலே 13. ஏறும்போது வியர்த்து ஊறிய பருத்திச் சட்டையோடு நான் இறங்கத் தொடங்கினேன். மூன்றாவது வளைவிலேயே பல் கிடுகிடுத்தது. அதைவிட மோசம், விரல் மரத்துப்போய் பிரேக்கை அழுத்தினேனா இல்லையா என்றே தெரியவில்லை. மெதுவாகத் திரும்பி மேலே வந்து, கடைக்காரரிடம் பழைய செய்தித்தாள் வாங்கி நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொண்டேன். அந்தக் காலத்துப் பந்தயக்காரர்களின் வழக்கம் அது. 1953-ல் இத்தாலியச் சுற்றுப் பந்தயம் முதன்முதலாக இந்தக் கணவாய்க்கு வந்தபோது, இத்தாலிய வீரர் ஃபௌஸ்தோ கோப்பி இங்கேதான் அதுவரை முதலிடத்தில் இருந்த சுவிஸ் வீரர் ஹூகோ கோப்லெட்டைப் பிரிந்து முன்னேறி, முதலிடக்காரர் அணியும் இளஞ்சிவப்புச் சட்டையைப் பறித்தார். நான் பறித்தது ஜெர்மன் செய்தித்தாளின் விளம்பரப் பக்கம்.

நீங்கள் ஒழுங்காகக் காற்றுத் தடுக்கும் மேல்சட்டையும் முழு விரல் கையுறையும் எடுத்துப் போங்கள். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது விட்டுவிடுங்கள். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடாகும்.

ஏறின வழியிலேயே இறங்க வேண்டும் என்றில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மலையின் மறுபக்கத்தில் பொர்மியோ ஊருக்குப் போகும் வழியில் உம்ப்ரைல் கணவாய்ச் சாலை பிரியும், 2501 மீட்டர். அதில் சுவிட்சர்லாந்தின் சாந்தா மரியாவுக்கு இறங்கி, குளோரென்சா வழியாகப் பிராத்தோவுக்கே திரும்பி வரலாம். கூட்டம் குறைவு. நாடு மாறுவதால் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

கேள்வி: என் மனைவி மின்சார சைக்கிளில் வருகிறேன் என்கிறாள். அது ஏமாற்று இல்லையா?
— வாசகர், மதுரை

பதில்: இல்லை. உங்கள் மேல்சட்டையையும் அவர் பையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே சைவம் கிடைக்குமா?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: உச்சிக் கடைகளில் ரொட்டிக்குள் பன்றி இறைச்சித் தொத்திறைச்சிதான் ராஜா. சீஸ் வைத்துக் கேளுங்கள். கீழே ஊர்களில் பழைய ரொட்டியைப் பிசைந்து உருண்டை பிடித்து வேகவைப்பார்கள், பெயர் க்னோடல். பசலைக்கீரை, சீஸ் சேர்த்த வகையும் உண்டு. ஆனால் சிலவற்றில் இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும், முட்டையும் சேர்ப்பார்கள். கேட்டுவிட்டுக் கடியுங்கள். செப்டம்பரில் போனால் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்பிள். நான் சட்டைப் பையில் மூன்று வைத்துக்கொண்டு ஏறினேன், கடைசி ஆப்பிள் 9-ஆம் எண் வளைவில் தீர்ந்தது.