அருகில் உட்கார்ந்திருப்பது: ஒரு செவிலியரின் பதில்கள்

குணமாகாத நோயோடு வீட்டில் படுத்திருப்பவர்களைத் தேடிப் போய்ப் பார்க்கும் குழுவில் 18 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். வலி நிவாரண ஆதரவுச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். தெருவில் எங்கள் வண்டி நின்றால் அக்கம்பக்கத்தார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். சாவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கத் தயங்கிய கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி, சோற்றைப் பற்றியவை.

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. இரைப்பைப் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். நான்கு நாட்களாக இரண்டு ஸ்பூன் கஞ்சிக்கு மேல் இறங்கவில்லை. அம்மா அழுதுகொண்டே ஊட்டுகிறார், அப்பா வாயை இறுக மூடிக்கொள்கிறார். குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வராதா சிஸ்டர்? பட்டினி போடுகிறோம் என்று சொந்தக்காரர்கள் பேசுகிறார்கள். (மகள், கும்பகோணம்)

பதில்: பட்டினி கிடப்பவருக்குப் பசிக்கும். உங்கள் அப்பாவுக்குப் பசிக்கவில்லை. உடல் கடையைக் கட்டும்போது முதலில் அடுப்பைத்தான் அணைக்கிறது. குடல் அசைவு குறைந்துவிடும். வற்புறுத்தி உள்ளே தள்ளியது அங்கேயே கிடந்து குமட்டும், வயிறு உப்பும், சில நேரம் புரையேறி நுரையீரலுக்குள் போகும். அவர் வாயை மூடுவது பிடிவாதம் இல்லை.

அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது சுமார் 25 கிராம் சர்க்கரை. அதாவது ஏறத்தாழ ஒரு வாழைப்பழத்தின் தெம்பு. அதற்காக ஊசி குத்தி, கையைக் கட்டிப் போட்டு, ஓய்ந்துபோன சிறுநீரகத்துக்கு அரை லிட்டர் தண்ணீரை அனுப்புகிறோம். அது காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் நிற்கும். வாந்தி பேதியில் நீர் வற்றியவருக்கு டிரிப் வேறு கதை, அதை மருத்துவர் சொல்வார். கடைசி நாட்களில் ஏற்றுகிற பாட்டில் பெரும்பாலும் சுற்றி நிற்பவர்களுக்காகத்தான்.

வாய் உலராமல் பார்த்துக்கொள்வதே இப்போது சாப்பாடு. சுத்தமான துணியை நனைத்து உதடு, ஈறு, நாக்கு எல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை துடையுங்கள். உதட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். விழித்திருக்கும்போது கேட்டால் அரை ஸ்பூன் காபி கொடுங்கள், சர்க்கரை நோய் என்று யோசிக்க வேண்டாம். இந்த வேலையை அம்மாவிடமே கொடுங்கள். பிரியத்தை இத்தனை வருடமும் சோற்றில் போட்டே காட்டிய கை அது, திடீரென்று சும்மா இருக்கச் சொன்னால் இருக்காது.

பேசுகிற சொந்தக்காரர்களை ஓர் இரவு கண்விழிக்கக் கூப்பிடுங்கள். பேச்சு குறையும்.

கேள்வி: கடும் வலிக்கு மார்பின் (morphine) மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், போதைக்கு அடிமையாகிவிடுவார் என்கிறார்கள். மாத்திரையைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். (மகன், திண்டுக்கல்)

பதில்: தயவுசெய்து பீரோவைத் திறங்கள். வலிக்கு ஏற்ற அளவில் மருத்துவர் தரும் மார்பின் ஆளைக் கொல்வதில்லை. வலி பிடுங்கித் தின்னும்போது மூச்சுகூட முழுதாக விட முடியாது, தூக்கம் இருக்காது, கோபம்தான் வரும். அது தணிந்ததும் முதல் இரண்டு மூன்று நாள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவார்கள். பல நாள் தூக்கக் கடன் அது. பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள்.

வலி வந்த பிறகு கொடுக்கும் மாத்திரை இல்லை இது. எழுதிய நேரப்படி, பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலச்சிக்கல் கட்டாயம் வரும், ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர வேண்டும். எழுதாமல் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

இந்தப் பயம் வீட்டில் மட்டும் முளைத்ததில்லை. 1985இன் போதைப்பொருள் சட்டம் வந்தபின், உரிமங்களுக்கு அஞ்சியே பல மருத்துவமனைகள் மார்பினை வைத்துக்கொள்ளாமல் விட்டன. 2014இல்தான் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில், கேரளத்தில் மருத்துவர் ராஜகோபால் போன்றவர்கள் 1993இல் கோழிக்கோட்டில் சிறியதாகத் தொடங்கிய வேலைதான் நம்மைப் போன்றவர்களுக்கெல்லாம் பள்ளிக்கூடம். உங்கள் வீட்டுக்கு அந்த மாத்திரை வந்து சேர்ந்திருப்பதே பெரிய விஷயம்.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. கர்ப்பப்பைப் புற்றுநோய், முற்றிய நிலை. அவரிடம் 'வயிற்றில் புண்' என்று சொல்லி வைத்திருக்கிறோம். தெரிந்தால் தாங்கமாட்டார். இப்போது 'எனக்கு என்னடா' என்று கேட்கிறார். அண்ணன், சொல்லவே கூடாது என்கிறார். (இளைய மகன், மதுரை)

பதில்: சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மகன் மறித்து, 'அம்மாவிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள் சிஸ்டர்' என்றார். உள்ளே போனேன். அம்மா மகனைக் காபி போடச் சொல்லி அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்து, 'எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடாதே, பிள்ளை தாங்கமாட்டான்' என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே ரகசியத்தை ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். ஊசி போட, கட்டு மாற்ற எனக்குத் தெரியும். அன்று அந்தக் கூடத்தில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்ததுதான் கடினமாக இருந்தது.

மகனிடம் ஒன்றுதான் சொன்னேன்: நீங்கள் எதையும் அறிவிக்க வேண்டாம், அம்மா என்ன நினைக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். அன்றிரவு அந்த அம்மா பத்திரம் இருக்கும் இடம், மருமகளுக்குப் போக வேண்டிய வளையல், பத்து வருடமாகப் பேசாத தங்கையை வரவழைப்பது என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, 'என்னைக் குளிப்பாட்டி அந்தப் பச்சைப் புடவையை மட்டும் கட்டிவிடாதீர்கள், சகிக்காது' என்றாராம். மகன் அழுதுகொண்டே சிரித்ததாகச் சொன்னார்.

உங்கள் அம்மா கேட்கிறார் என்றாலே பாதி தெரிந்துவிட்டது. 'நீ என்ன நினைக்கிறாய் அம்மா?' என்று திருப்பிக் கேளுங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை அவரே அளந்து கேட்பார். பாதியில் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள். 'சீக்கிரம் சரியாகிவிடும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொன்ன கணத்தில் அவர் பேச இருந்த வாசலை அடைத்துவிடுகிறீர்கள்.

கேள்வி: தாத்தாவுக்கு நேற்றிரவிலிருந்து தொண்டையில் கரகரவென்று சத்தம். மூச்சு நின்று நின்று வருகிறது. மூச்சுத் திணறி அவதிப்படுகிறாரா? (பேத்தி, கோவை)

பதில்: பெரும்பாலும் இல்லை. விழுங்கும் சக்தி போனதால் எச்சில் தொண்டையில் தேங்கி அப்படி ஒலிக்கிறது. கேட்பவருக்குத்தான் வேதனை. ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள், சுரப்பைக் குறைக்க ஊசி இருக்கிறது. குழாய் விட்டு உறிஞ்ச வேண்டியதில்லை. முகம் சுளிக்கிறாரா, முனகுகிறாரா என்று பாருங்கள், இருந்தால் உடனே சொல்லுங்கள். பாதம் சில்லிட்டு முழங்கால் நீலம் பாய்ந்திருந்தால் நேரம் நெருங்கிவிட்டது, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள். காது கடைசி வரை கேட்கும் என்று எண்ணியே பேசுங்கள். சொத்துப் பேச்சு அந்த அறையில் வேண்டாம்.

கேள்வி: பாட்டிக்கு 88 வயது. நினைவில்லாமல் இரண்டு வாரம் ஆகிறது. 'ஏதோ ஆசை நிற்கிறது' என்று பால் ஊற்றினார்கள், வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினார்கள். இப்போது ஒரு பெரியவர் 'எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிடலாம்' என்கிறார். (பெயர் வேண்டாம்)

பதில்: பால் ஊற்றும் வழக்கத்தை நான் கேலி செய்வதில்லை. ஒவ்வொருவராக வந்து விடைபெற அதைவிட நல்ல வழி நம்மிடம் இல்லை. ஆனால் நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வையுங்கள், சடங்கும் குறையாது. மண்ணையும் கையில் வைத்தால் போதும்.

சாவை விரைவுபடுத்த எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளிர்ந்த நீர் ஊற்றுவது கொலை. வழக்கம், கருணை என்று எந்தப் பெயர் வைத்தாலும் கொலைதான், சட்டத்தின் முன்னும் அப்படியே. அந்தப் பெரியவரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. அந்த வீட்டில் எல்லோரும் களைத்துப்போயிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவம் குழுவில் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய அத்திட்டத்தில் இதுவும் சேர்த்தி. அதுவரை பாட்டியைத் தனியாக விடாதீர்கள்.

கேள்வி: வென்டிலேட்டரில் கிடக்க எனக்கு விருப்பமில்லை. இப்போதே எழுதி வைத்தால் செல்லுமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், 68)

பதில்: செல்லும் ஐயா. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9இல் இதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டதால் அதிகம் பேர் எழுதவில்லை. 2023 ஜனவரியில் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளும் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும் என்றாக்கினார்கள். உங்களுக்காகப் பேசக்கூடியவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரை எழுதலாம். நேரம் வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து முடிவெடுக்கும். உயிரைப் போக்க ஊசி போடுவதற்கு இதில் இடமில்லை. எழுதிப் பெட்டியில் வைத்துவிடாமல் பிள்ளைகளை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். நடு இரவில் அவசரப் பிரிவு வாசலில் கையெழுத்துப் போடப்போவது அவர்கள்தான்.

கேள்வி: பதினோரு நாள் அப்பா பக்கத்திலேயே இருந்தேன். டீ குடிக்கக் கீழே இறங்கினேன். பத்து நிமிடம்தான். அதற்குள் போய்விட்டார். ஏழு மாதமாக டீக்கடையைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது. (மகன், சென்னை)

பதில்: இதை எத்தனை பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா தம்பி? குளிக்கப் போனேன், பால் வாங்கப் போனேன், போன் பேச வெளியே வந்தேன். ஆள் நகர்வதற்காகக் காத்திருந்து போவதுபோலச் சிலர் போகிறார்கள். ஏன் என்று எனக்கு விளக்கத் தெரியாது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே கிளம்ப மனம் வராமலிருக்கலாம் என்று நானாக நினைத்துக்கொள்வேன்.

பதினோரு நாளில் 264 மணி நேரம். அதில் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு உங்களையே விசாரிக்கிறீர்கள். அந்தப் பதினோரு நாளில் அப்பா சொன்னது, கேட்டது, திட்டியது எதையாவது யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? ஒரு நாள் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆறு வயது மகளிடம் பாட்டி இறந்ததை எப்படிச் சொல்வது? 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று சமாளிக்கிறோம். (அம்மா, சேலம்)

பதில்: ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டுமே. 'தூங்குகிறார்' என்று சொன்ன வீட்டில் ஒரு பையன் ராத்திரி தூங்கவே மறுத்தான். 'இறந்துவிட்டார், உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வரமாட்டார்' என்று சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். 'நான் சேட்டை செய்ததாலா?' என்ற எண்ணம் அந்த வயதில் வரும். கேட்காவிட்டாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அழுதுவிட்டு ஐந்தாவது நிமிடம் விளையாடப் போவாள், விடுங்கள்.

கேள்வி: கணவர் இறந்து பதினான்கு மாதம். பொட்டு, வளையல் எடுத்த அன்று அழாதவள், இப்போது அவர் சட்டையைப் பார்த்தால் அழுகிறேன். 'இன்னுமா?' என்கிறார்கள். ஐந்து நிலை என்கிறார்களே, நான் எதில் இருக்கிறேன்? (விருதுநகர்)

பதில்: எதிலும் இல்லை அம்மா. அந்த ஐந்து நிலைகளை 1969இல் மருத்துவர் எலிசபெத் கியூப்ளர் ராஸ் எழுதியது, சாகப்போகிறவர்களோடு பேசிய அனுபவத்திலிருந்து. பிரிந்தவர்கள் ஏறித் தீர வேண்டிய படிக்கட்டாகப் பின்னால் ஆக்கிவிட்டார்கள். பதினாறாம் நாளோடு ஊரின் துக்கம் முடியும், சாமியானாவைக் கழற்றுவார்கள். உங்களுடையது அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். அதுவும் அத்தனை பேர் நடுவே வளையலை உடைத்த நாளில் யாருக்கு அழ வாய்க்கும்? அந்தச் சடங்கைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை எதுவுமில்லை. பொட்டு வைக்கத் தோன்றினால் வையுங்கள்.

சட்டையைப் பார்த்து அழுவது நோயில்லை. சமைக்க, குளிக்க, வெளியே போக முடியாமல் பெரும்பாலான நாட்கள் அப்படியே நின்றுவிட்டால் அது நீடித்த துக்கம் என்னும் நிலை, சிகிச்சை உண்டு. அவரோடு போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணமில்லை.

கேள்வி: அப்பா போய் இருபது நாள். மார்பின் மாத்திரை மீதி இருக்கிறது, காற்று மெத்தையும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்குத் தேவைப்படுகிறது, கொடுக்கலாமா? அம்மா மெத்தையைத் தொடவே விடமாட்டேன் என்கிறார், பகலில் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறார். (மகள், திருச்சி)

பதில்: மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், எண்ணிக் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு வேறு மெத்தை கிடைக்கிறதா என்று நான் பார்க்கிறேன். உங்கள் வீட்டு மெத்தை இருக்கட்டும். மோட்டாரை மட்டும் நிறுத்திவிடுங்கள், கரண்ட் ஆகும். அம்மா உட்காரும்போது நேரமிருந்தால் நீங்களும் போய் உட்காருங்கள்.