காட்டெருமைக்குள் என் தம்பி

வணக்கம் சார்,

கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. தேயிலைதான் பிழைப்பு. என் தம்பிக்கு 24 வயது. பி.காம். முடித்துவிட்டு ஒன்றரை வருடமாகப் பொம்மை வேஷம் போடுகிறான். முதலில் ஊட்டி சீசனில் ஒரு கடை வாசலில் கரடி. அப்புறம் ஒரு கால்பந்துப் போட்டிக்குக் காட்டெருமை மாஸ்காட், அதாவது போட்டியின் சின்னமாக வேஷம் போட்டு ஆடுவது. இப்போது கோவையிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஒரு நாளைக்கு 800 ரூபாய், சில இடங்களில் 1,000. வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவிடம் ஈவென்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

போன மாதம் அந்தப் போட்டியின் ஃபைனலுக்கு அப்பாவும் என்னோடு கிளம்பி வந்துவிட்டார். எனக்கு உயிரே இல்லை. காட்டெருமை கூட்டத்துக்குள் வந்து குழந்தைகளோடு ஆடியது. முகம் தெரியாவிட்டாலும் நான் நடையை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். இடது தோளைக் கொஞ்சம் இறக்கித்தான் நடப்பான், பள்ளிக்கூட நாளில் இலை மூட்டை சுமந்த பழக்கம். அது நேராக அப்பாவிடம் வந்து கையை நீட்டியது. அப்பா எழுந்து நின்று கை கொடுத்தார், சிரித்தார். அன்று ராத்திரி தம்பி வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட வெந்நீரைப் பக்கெட்டில் கொண்டுவந்து, "காலை ஊற வை" என்றார். இந்த மனுஷனைப் போய் ஏமாற்றுகிறோமே என்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

விஷயம் தெரிந்த சித்தப்பா மகன் "டிகிரி படிச்சுட்டு மாட்டு வேஷமா" என்று கேலி செய்கிறான். இதெல்லாம் ஒரு வேலையா சார்? கலை என்று சொல்ல முடியுமா? அப்பாவிடம் சொல்லிவிடலாமா?

அன்புடன்,
ர., கோத்தகிரி

*

அன்புள்ள ர.,

சில வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில் ஊட்டியில் ஓட்டப் போட்டி ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். புல்மேல் உறைபனி இன்னும் கரையவில்லை. ஓடி முடித்து வருகிறவர்களை ஒரு புலி குதித்துக் குதித்து வரவேற்றுக்கொண்டிருந்தது. டீ வாங்கலாம் என்று பந்தலுக்குப் பின்னால் போனேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தப் புலி உட்கார்ந்து தன் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தது. இட்லிச் சட்டியைத் திறந்த மாதிரி குபுகுபுவென்று ஆவி. ஆவிக்குள் ஒரு இருபது வயதுப் பையனின் முகம். முடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. புருவத்துக்கு மேலே தலைக்கூட்டின் பட்டை அழுத்தி ஒரு சிவப்புக் கோடு.

"சார், இந்தப் பாட்டிலைத் திறந்து தர்றீங்களா?" என்று கேட்டான். பாதங்கள் கையுறையாகச் சட்டையோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. அவனால் ஒரு மூடியைக்கூடத் திருக முடியாது. நான் திறந்து வாயில் ஊற்றினேன், குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி. அரை பாட்டில் இறங்கியது. காலை ஐந்தரைக்கு உள்ளே போனவனாம். அப்போது மணி எட்டு.

அந்தத் தலையை வாங்கி என் தலையில் ஒரு நிமிடம் மாட்டிப் பார்த்தேன். புலியின் கண்கள் வெறும் பெயின்ட். வாய்க்குள் இருக்கிற கறுப்பு வலை வழியாகத்தான் வெளியே தெரியும். உள்ளங்கை அளவு உலகம். என் காலே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் மறைந்துபோனார். என் மூச்சு எனக்கே திரும்பி வந்தது, அதோடு எனக்கு முன்னால் அதைப் போட்ட எல்லாருடைய வியர்வையும். இடுப்பு உயரத்தில் ஒரு குழந்தை ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டால் வருவது தெரியாது, கட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும். இதை மாட்டிக்கொண்டு அவன் இரண்டரை மணி நேரம் குதித்திருக்கிறான், ஒரு குழந்தையின் காலையும் மிதிக்காமல்.

தலையைத் திருப்பிக் கொடுத்தபோது பையன் நடுங்கிக்கொண்டிருந்தான். உங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். "குளிருக்கு இதமா இருக்கும்ல" என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆடுகிற வரைக்கும் உள்ளே அடுப்பு. நின்ற இரண்டாவது நிமிடம் நனைந்த பனியன் முதுகில் ஐஸ் மாதிரி ஒட்டும். சமவெளியில் இந்த வேஷம் போடுகிறவனுக்கு வெயில் ஒன்றுதான் எதிரி, மலையில் வெயிலும் பனியும் சேர்ந்து. மாற்றிக்கொள்ள அவனிடம் இன்னொரு சட்டை இல்லை. கொண்டு வரச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. என் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். அதற்குள் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்து, "தம்பி தலையை மாட்டு, ஸ்கூல் பசங்க வர்றாங்க" என்றார். மஃப்ளரோடு உள்ளே போய்விட்டான். இரண்டு நிமிடத்தில் மறுபடி புலி, மறுபடி குதி.

இது வேலையா என்று கேட்கிறீர்கள். அந்தப் பாட்டிலைத் திறந்து கொடுத்த நாளிலிருந்து எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் தொழில்முறை அணிகளின் மாஸ்காட்டுகள் 48 பேரை விசாரித்திருக்கிறார்கள். வெப்பத்தால் வரும் மயக்கம், ஆறாத இடுப்புவலி, முட்டிக் காயம் என்று விளையாட்டு வீரர்களிடம் கேட்பது போன்ற பதில்களே வந்தன. அங்கே அதற்கென்று ஐஸ் வைத்த உள்சட்டைகூட உண்டு. உங்கள் தம்பிக்கு உங்கள் அப்பாவின் வெந்நீர்.

கலையா என்ற கேள்விக்கு ஒரு கோழியின் கதையைச் சொல்ல வேண்டும்.

1974-இல் சான் டியேகோவில் டெட் ஜியானூலாஸ் என்ற கல்லூரி மாணவனை ஒரு வானொலி நிலையம் கோழி வேஷம் போட வேலைக்கு எடுத்தது. மிருகக்காட்சி சாலையில் குழந்தைகளுக்கு ஈஸ்டர் முட்டை கொடுக்க வேண்டும், மணிக்கு 2 டாலர். வேலை முடிந்ததும் அவனாகவே பேஸ்பால் மைதானத்துக்குப் போய் ஆடலாமா என்று கேட்டான். ஐந்து வருடத்தில் விளையாட்டைவிடக் கோழியைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம் என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. 1979-இல் நிலையத்துக்கும் அவனுக்கும் தகராறு. வேலையை விட்டு நீக்கினார்கள், வழக்கு கோர்ட்டுக்குப் போனது. நிலையம் என்ன நினைத்தது? கோழி நம்முடையது, உள்ளே யார் இருந்தால் என்ன? அதே வேஷத்தில் இன்னொரு ஆளை இறக்கியது. மைதானமே ஊளையிட்டு அவரை விரட்டியது.

ர., இந்த இடத்தைக் கவனியுங்கள். முகம் இல்லை, குரல் இல்லை, விரல்கூடத் தெரியாது. ஆனாலும் இது நம்ம ஆள் இல்லை என்று ஆயிரக்கணக்கான பேருக்குத் தெரிந்திருக்கிறது. எதை வைத்து? தலையைச் சாய்க்கிற விதம், நிற்கிற நிலை, ஒரு அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் விடுகிற இடைவெளி. கடைசியில் வேறொரு கோழி வேஷத்தில் ஆடலாம் என்று கோர்ட் விட்டது. அந்த ஜூன் 29-ஆம் தேதி, போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் முன்னால் வர, ஒரு பிரம்மாண்டமான முட்டைக்குள்ளிருந்து பொரிந்து அவன் வெளியே வந்தபோது மைதானத்தில் 47,000 பேர் இருந்தார்கள்.

நீங்கள் உங்கள் தம்பியை இடது தோளை வைத்துக் கண்டுபிடித்தது இதே விஷயம்தான். அந்தச் சாய்வைப் பயிற்சி கொடுத்து வேறொருவன் உடம்பில் ஏற்ற முடியாது. சித்தப்பா மகனிடம் இதைச் சொல்லுங்கள்.

இன்னொருவர் டேவ் ரேமண்ட். ஃபிலடெல்ஃபியா பேஸ்பால் அணியில் 1978-இல் இன்டர்னாக இருந்த மாணவர். ஆபீஸில் கடைக்குட்டி என்பதால் ஃபனாட்டிக் என்ற பச்சை நிற விநோத ஜந்துவின் வேஷம் அவர் தலையில் விழுந்தது. 1993 வரைக்கும் அதற்குள் இருந்தார். அவருடைய அம்மாவுக்குக் காது கேட்காது. வாயால் சொல்லாமல் உடம்பால் சொல்லும் பழக்கம் வீட்டிலிருந்தே வந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். பேச்சில்லாத ஒரு ஜந்துவை மொத்த நகரமும் பதினாறு சீசன் புரிந்துகொண்டதற்குப் பின்னால் ஒரு சமையலறையில் அம்மாவும் பிள்ளையும் கையால் பேசிக்கொண்டது இருக்கிறது. நினைக்க நினைக்க எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிகிறது. அவருக்குப் பின்னால் வந்த டாம் பர்கோயினை 'ஃபனாட்டிக்கின் நெருங்கிய நண்பர்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். வேஷத்தின் ரகசியமும் காப்பாற்றப்படுகிறது, ஆளுக்கும் பேர் இருக்கிறது.

நம்மிடமும் இது புதிதில்லை. கரடியாட்டம், காளையாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் நம் திருவிழாக்களில் ஆடுகிறவைதான். ஒரு வித்தியாசம், ஊர்க் கரடிக்குள் யார் என்று ஊருக்கே தெரியும். ஆட்டம் முடிந்ததும் துண்டு போர்த்துவார்கள், சோறு போடுவார்கள், அவன் அப்பா பேரைச் சொல்லி "அப்பனுக்குத் தப்பாம ஆடுறான்" என்பார்கள். மைதானத்துக்கு வந்தபோது வேஷம் மட்டும் வந்தது. துண்டும் சோறும் வரவில்லை.

பேசக்கூடாது, பொது இடத்தில் தலையைக் கழற்றக்கூடாது என்ற விதி எனக்குச் சம்மதமே. காட்டெருமை தலையைக் கழற்றினால் எதிரே நிற்கிற நாலு வயதுக் குழந்தைக்கு அது பயங்கரம். ஆனால் அந்த விதி காட்டெருமைக்குத்தான். உள்ளே இருக்கிறவன் தண்ணீர் கேட்கக்கூடாது, பணம் குறைந்தால் வாய் திறக்கக்கூடாது என்று அதை நீட்டிக்கொண்டே போகிறார்கள். இது அநியாயம். பேனரில் மைக்செட்காரர் பேர் இருக்கிறது, பந்தல்காரர் பேர் இருக்கிறது, கேட்டரிங் போன் நம்பரோடு இருக்கிறது. மாஸ்காட் ஆடுகிறவன் பேரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

2023-இல் சென்னையில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கிக்கு வைத்த யானைச் சின்னத்தின் பேர் நினைவிருக்கிறதா? பொம்மன். நம் தெப்பக்காடு முகாமின் பாகன் பொம்மனின் பேர். வழக்கமாக யானையைத்தான் எல்லாருக்கும் தெரியும், பாகனைத் தெரியாது. அந்த ஒரு முறை பாகனின் பேரை யானைக்கு வைத்தார்கள். அதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வேஷத்தைச் சுமக்கிறவனுக்கும் அந்த மாதிரி ஒரு நாள் வர வேண்டும்.

சரி, உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டியது. தனியாக வேஷம் போட ஒத்துக்கொள்ளவே கூடாது. கூடவே ஒரு ஆள் வேண்டும், அவன் கண்ணுக்குக் கண்ணாக. பின்னாலிருந்து வாலை இழுக்கிற, வயிற்றில் குத்திப் பார்க்கிற விடலைகளை அந்த ஆள்தான் தடுக்க முடியும். அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வரவேண்டும் என்று ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிடட்டும், வேஷத்துக்குள் போன பிறகு யாரும் கேட்க மாட்டார்கள். பையில் இரண்டு காய்ந்த பனியன், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். வேஷத்தின் உள்பக்கம் காயாமல் மூட்டை கட்டி வைத்தால் தோலில் படை வரும், அடுத்த நாள் வெயிலில் திருப்பிப் போட்டுக் காயவைப்பதும் வேலையின் பகுதி, அதற்கும் கூலி கேட்கலாம். 800 ரூபாய் குறைவு. கோவைக்குப் போகிறான் என்றால் பஸ் காசும் சாப்பாடும் தனியாக வாங்கட்டும்.

கடைசியாக, அப்பா.

இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பள்ளிக்கூடம் போகிற வயதில் அவன் தோளில் இலை மூட்டையை ஏற்றிவிட்டது யார்? அப்பாவாகத்தான் இருந்திருக்கும். அந்தத் தோள் இறங்கியதை உங்களுக்கு முன்னால் பார்த்தவர் அவர். இவ்வளவு பெரிய கூட்டத்தில் காட்டெருமை நேராக அவரிடம் வந்து கையை நீட்டியது, உங்கள் அப்பா உட்கார்ந்தபடியே கை கொடுக்காமல் எழுந்து நின்றிருக்கிறார். அப்புறம் அந்த ராத்திரி. சூப்பர்வைசர் வேலை பார்த்துவிட்டு வருகிறவனுக்கு எதற்கு ர., உப்புப் போட்ட வெந்நீர்?

அன்புடன்.