அப்பாவுக்கும் உண்டு இலவச வக்கீல்

கேள்வி: மனைவி பிரிந்து போய்விட்டார். ஆறு வயது மகளைப் பார்க்கவே விடுவதில்லை. இப்போது ஜீவனாம்சம் கேட்டும், குழந்தை தன்னிடமே இருக்க வேண்டும் என்றும் மனு போட்டிருக்கிறார். அடுத்த மாதம் வாய்தா. வக்கீல் ஃபீஸைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. இலவச சட்ட உதவி பெண்களுக்கு மட்டும்தானாமே? – ஒரு தந்தை

பதில்: யார் சொன்னது தம்பி? சட்ட உதவி மையங்கள் பெரும்பாலும் பார்ப்பது உங்கள் வருமானத்தையும் வழக்கின் தன்மையையும்தான். சில நாடுகளில் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, ஆண்களுக்கு உண்டு. அதனால் முதலில் வருமானச் சான்றை வாங்கிவிடுங்கள்.

சட்ட உதவி மையத்துக்குப் போனதும் மனைவியின் பெயரைக் கேட்பார்கள். அவர் முன்பே அங்கே உதவி கேட்டிருந்தால் அதே வக்கீல் உங்களுக்கும் வாதாட முடியாது. கோபித்துக்கொண்டு திரும்பாதீர்கள், வேறு வக்கீலை ஏற்பாடு செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

வருமானம் வரம்பைத் தாண்டுகிறதா? சட்டக் கல்லூரிகள் நடத்தும் உதவி மையங்களில் ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே ஆலோசனை சொல்வார்கள். முழு வழக்கையும் ஒப்படைக்காமல், பதில் மனு எழுத மட்டும் வக்கீல் வைத்துக்கொள்ளவும் பல இடங்களில் வழி உண்டு.

இலவச ஆலோசனை என்றால் அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. என்னிடம் வந்த அப்பாக்களில் பலர் அதை மாமியார் புராணத்திலேயே தீர்த்துவிடுவார்கள்! சம்மன், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், நீங்கள் பணம் அனுப்பிய ரசீதுகள், அப்புறம் என்று பிரிந்தீர்கள், கடைசியாக மகளை எப்போது பார்த்தீர்கள் என்று தேதிவாரியாக ஒரே ஒரு பக்கம். அது போதும்.

இன்னொன்று. 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆம் பிரிவு, தன் நலனுக்குக் கேடு இல்லாதவரை பெற்றோர் இருவருடனும் தொடர்ந்து பழகுவது குழந்தையின் உரிமை என்கிறது. ஆக, 'மகளைப் பார்க்க எனக்கு உரிமை உண்டு' என்பதைவிட 'அப்பாவைப் பார்க்க அவளுக்கு உரிமை உண்டு' என்று உங்கள் மனு பேசட்டும்.

வக்கீல் அமையாவிட்டாலும் வாய்தாவுக்குப் போய்விடுங்கள். போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும், அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு நடக்கும். சட்ட உதவிக்கு விண்ணப்பித்ததைக் காட்டி அவகாசம் கேளுங்கள். பார்க்க விடவில்லை என்ற கோபத்தில் மகளுக்கு அனுப்பும் பணத்தை நிறுத்தவும் வேண்டாம். அது வேறு, இது வேறு என்றுதான் நீதிமன்றங்கள் பொதுவாகப் பார்க்கும்.