ஹால்பர்ட் வெச்சிருந்தும் பின்வாங்குற கோப்லினை ஏன் அடிக்க முடியல?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுல, பின்வாங்கின கோப்லினை (குட்டி அரக்கன்) நீளக் கம்பு ஆயுதமான ஹால்பர்டால அடிக்க முடியாதுன்னு உங்க டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) சொன்னது சரிதாங்க. ஒட்டி நின்ன கோப்லின் ஒரு கட்டம் (5 அடி) பின்னாடி போனதுக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போறவனை உடனே அடிக்கிற வாய்ப்பு) கேட்டிருக்கீங்க, ஆனா 5ஆம் எடிஷன்ல எதிரி உங்க ரீச்சை (ஆயுதம் எட்டுற தூரம்) விட்டு வெளிய போனாதான் அது கிடைக்கும், ஹால்பர்டுக்கு ரீச் 10 அடி, அப்போ 5 அடியிலேர்ந்து 10 அடிக்குப் போனவன் இன்னும் உங்க எட்டுக்குள்ளதான் இருக்கான், அங்கேர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போதுதான் உங்க ரியாக்ஷன் (அடுத்தவங்க முறையில நீங்க செய்யற பதில் அடி). அப்பவும் கோப்லின் போனஸ் ஆக்ஷன்ல (முறையில கிடைக்கிற கூடுதல் செயல்) டிஸ்எங்கேஜ் (இந்த அடி வாங்காம விலகிப் போறது) பண்ணிட்டா போச்சு.

ஆனா ஒட்டி நிக்கறவனை ஹால்பர்டால அடிக்கவே முடியாதுன்னு உங்க ஃப்ரெண்ட் சொன்னது தப்பு. பழைய 3.5 எடிஷன்ல பெரும்பாலான ரீச் ஆயுதங்களுக்கு அப்படி ஒரு ரூல் இருந்துச்சு, ஆனா அங்க ஹால்பர்ட் ரீச் ஆயுதமே இல்ல. 5ஆம் எடிஷனோட 2014 புக்ல ரீச் ஆயுதங்கள்ல லான்ஸுக்கு (குதிரை வீரர் ஈட்டி) மட்டும்தான் 5 அடிக்குள்ள டிஸ்அட்வான்டேஜ் (ரெண்டு தடவை பகடை உருட்டி குறைஞ்சதை எடுக்கறது), மத்ததை வெச்சு தாராளமா அடிக்கலாம்.

அடுத்து ஃபீட் (கதாபாத்திரத்துக்கான சிறப்புத் திறமை) எடுக்கற லெவல் வந்ததும் போலார்ம் மாஸ்டர் எடுங்க, கண்டிப்பா எடுங்க. 2014 ரூல்படி எதிரி 10 அடிக்குள்ள நுழையும்போதே ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடைக்கும். பிறகு சென்டினல்ங்கற ஃபீட்டும் சேர்த்துட்டீங்கன்னா அதே ரூல்படி அந்த அடி பட்டவனோட ஸ்பீடு அந்த டர்ன் முழுக்க ஜீரோ, ரெண்டு கட்டம் தள்ளியே நின்னுடுவான், கையில குட்டைக் கத்திதான்னா உங்களைத் தொடவே முடியாது.