மார்க் ருட்டே யுனிலீவரில் வேலை பார்த்தவரா? பிறகு எப்படி நெதர்லாந்தின் பிரதமரானார்?

ஆமாம், பத்தாண்டு வேலை பார்த்தார். ஆனால் அரசியல் அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. லைடன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தபோதே தாராளவாத இளைஞர் அமைப்பான ஜேஓவிடியின் தலைவராக இருந்தார். 1992இல் யுனிலீவரில் சேர்ந்து, மனிதவளத் துறையில் மேலாளரானார். 2002இல் சமூக விவகாரத் துறையின் துணை அமைச்சர் பதவி வந்ததும் கம்பெனியை விட்டார்.

2006தான் சுவாரசியமான ஆண்டு. தன் தாராளவாதக் கட்சியான விவிடியின் தலைமைக்கான போட்டியில் ரீட்டா வெர்டோங்கை வென்றார். சரி, விஷயம் முடிந்தது என்று பார்த்தால், அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் வெர்டோங்க் 6 லட்சத்துக்கும் மேல் விருப்ப வாக்கு வாங்கித் தலைவரையே முந்திவிட்டார்! நெதர்லாந்தில் கட்சிப் பட்டியலிலுள்ள எந்த வேட்பாளரின் பெயருக்கும் வாக்களிக்கலாம் என்பதால் வந்த வினை. மறு ஆண்டே அவரை நாடாளுமன்றக் குழுவிலிருந்து ருட்டே வெளியேற்றினார்.

2010 நாடாளுமன்றத் தேர்தலில் 150 இடங்களில் வெறும் 31 பெற்று விவிடி முதலிடம். 1918க்குப் பிறகு வந்த முதல் தாராளவாதப் பிரதமர் ஆனார் ருட்டே. அப்புறம் 2024 வரை நான்கு அமைச்சரவைகள், எல்லாமே பிற கட்சிகளின் தயவில். எதிரெதிர் ஆட்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் மனிதவள மேலாளரின் சாமர்த்தியம் இங்கேதான் கைகொடுத்தது என்பேன்.

குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோரை மோசடிக்காரர்களாக நடத்திய விவகாரத்தால் 2021 ஜனவரியில் அமைச்சரவை ராஜினாமா செய்தது. இரண்டே மாதத்தில் தேர்தல். அதிலும் விவிடியே முதலிடம்! 2024 அக்டோபரிலிருந்து நேட்டோவின் பொதுச்செயலாளர்.